எரிமலைக்கு மூன்று பறவைகள்

எனக்கு விக்கல் வியாதி இருந்தது. இதைப் படித்துச் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன். எங்கள் கந்தோரில் எல்லோரும் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

காப்புறுதிக் கம்பெனி ஒன்றில், தமிழில் பேசுகிற வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது என் வேலை. "வணக்கம், சொல்லுங்க" என்று தொடங்கும்போது ஒரு பிரச்சினையும் இருக்காது. பெயரைக் கேட்பேன், பாலிசி இலக்கத்தைக் கேட்பேன், அதுவரைக்கும் என் குரல் வானொலிக்காரரின் குரல் மாதிரி இருக்கும். பிறகு அவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்குப் பதில் எனக்குச் சரியாகத் தெரியாவிட்டால், நெஞ்சுக்குள்ளே யாரோ கதவை உதைத்த மாதிரி ஒரு 'ஹிக்' வரும். அதன் பின்னால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள்.

வாடிக்கையாளர்கள் நல்லவர்கள். தங்கள் கார் பள்ளத்தில் விழுந்து கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு எனக்கு வைத்தியம் சொன்னார்கள். சீனியை நாக்குக்குக் கீழே வை என்றார்கள். மூச்சைப் பிடி என்றார்கள். மட்டக்களப்பிலிருந்து பேசிய ஒரு ஐயா, நான் ஒரு குவளைத் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்து முடிக்கும்வரை லைனிலேயே காத்திருந்து, "இப்ப எப்பிடி மகன்?" என்று விசாரித்தார். பக்கத்து மேசைக்காரன் ஒருநாள் விக்கலை நிறுத்துவதற்காக என் பின்னால் வந்து, "ஐயோ, நெருப்பு!" என்று கத்தினான். விக்கல் நிற்கவில்லை. லைனில் இருந்த அம்மாதான், "தம்பி, நெருப்புக்கும் எங்கட பாலிசியில கவர் இருக்கா?" என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஹிக்.

கடைசியில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவசரமான மனிதர்.

"தம்பி, உங்க பயிற்சிக் காலம் முடியப் போகுது. கடைசி வாரத்துல நானே பக்கத்துல இருந்து ஒரு கோல் கேப்பேன். அதுல விக்கல் வந்துச்சுன்னா உங்கள வேலையில கன்போம் பண்ண ஏலாது. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. விக்கல்னு ரிப்போட்ல எழுதினா மேல உள்ளவங்க என்னைத்தான் பைத்தியம்னு நெனப்பாங்க."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஒருகொடவத்தையில் கொண்டெய்னர்களில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். நான் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்பதைத் தன் யார்டில் உள்ள எல்லோருக்கும், போகிற வருகிற லொறி டிரைவர்களுக்கும்கூடச் சொல்லி வைத்திருந்தார். அந்த வேலை விக்கலால் போய்விட்டது என்று அவர் எந்த முகத்தோடு போய்ச் சொல்வார்? ஆள்குறைப்பில் சீட்டைக் கிழித்தார்கள் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும்.

அம்மாவுக்கு இதில் பாதி சந்தோஷம். "யாரோ நெனைக்கிறாங்க மகன்" என்று ஒவ்வொரு விக்கலுக்கும் சொல்வார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த வீட்டுப் புள்ள?" என்பார்.

"யாரும் இல்லம்மா."

"இவ்வளவு விக்கல் வருது, யாரும் இல்லையா? எனக்கிட்ட சொல்லு. நம்ம கொட்டாஞ்சேனப் புள்ளயா, வெளியா?"

டாக்டர் வயிற்றைத் தட்டினார், தொண்டைக்குள் வெளிச்சம் அடித்தார், ஒரு குழாயை விட்டும் பார்த்தார். "உள்ளே ஒன்றுமே இல்லை" என்றார். எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. பிறகு அவர், வெள்ளவத்தையில் ஒருவர் இருக்கிறார், சித்திரம் வரையவைத்து மனதில் இருப்பதை வெளியே எடுப்பார், அங்கே போய்ப் பாருங்கள் என்றார். சித்திர சிகிச்சை என்று பெயர்.

விக்கலைவிட எனக்கு இப்போது பெரிய பயம் பிடித்தது. சித்திரத்திலிருந்து தப்புவதற்காகப் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் எடுத்தவன் நான். என் சாரீரத்தைக் கேட்ட சங்கீத டீச்சர் என்னைச் சித்திரத்துக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார். அப்படிப்பட்டவனிடம், மனதில் இருப்பதை வரை என்றால்?

*

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி. கீழ்வீட்டில் விசேஷங்களுக்கு ரோல்ஸும் கட்லட்டும் பொரித்துக் கொடுப்பார்கள். ஆகவே அங்கே எந்தச் சோகத்தைப் பற்றி யோசித்தாலும் வாயில் எச்சில் ஊறும். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மேசையில் உள்ள தூரிகைகள் எல்லாம் கிடுகிடுவென்று ஆடும்.

சனிக்கிழமைக் காலைக்கு நாங்கள் இரண்டு பேர். மற்றவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு இஞ்சினியர். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளவத்தையில் பல வருடமாக இருக்கிறார். நான் அங்கிள் என்று கூப்பிட்டேன். வந்ததற்கான காரணத்தை அவர் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிட்டார்.

"நான் டீவியோட சத்தம் போடுறனாம் தம்பி. செய்தி வாசிக்கிறவன் பிழையாச் சொன்னா நான் என்ன, பேசாமலா இருக்கிறது? மனுசி சொல்லிப்போட்டா, ஒண்டில் நீங்கள் எங்கயாவது போய்க் கோவத்தைக் குறையுங்கோ, இல்லாட்டி டீவியை விக்கிறன் எண்டு. டீவி புதுசு. அதான் வந்தனான்."

எங்களுக்கு வழிகாட்டியவர் நடுவயதுப் பெண். நான் மிஸ் என்பேன், அங்கிள் பிள்ளை என்பார். மெதுவாகப் பேசுவார். முதல் நாள் அவர் சொன்னது: "இங்க சரி, பிழை எண்டு ஒண்டும் இல்லை. வடிவாக் கீற வேணும் எண்டும் இல்லை. மனசுக்கு வாறதைக் கீறுங்கோ."

இதை நான் நம்பவில்லை. பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நின்று, பயப்படாதீங்க, தெரிஞ்சதை எழுதுங்க என்று சொல்லாத டீச்சர் உண்டா? பிறகு புள்ளி போடும்போது பார்க்க வேண்டுமே.

கையைத் தூக்கினேன். "மிஸ், சிலபஸ் இருக்கா?"

அவர் சிரித்தார். "சிலபஸா? கோவம், கவலை, சந்தோசம், குழப்பம்... இப்பிடி ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொண்டைப் பாப்பம். அடுத்த கிழமை கோவம். சரியா?"

அங்கிளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதுதான் சிலபஸ்.

கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு நான் அடுத்துச் செய்தது விளக்கம் இல்லாமலே புரியும். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் தொடங்குவதற்கு முன்பே அதை டியூஷனில் முடித்துவிட வேண்டும், அது எங்கள் வழக்கம். எனக்குத் தெரிந்து நீச்சலுக்கு டியூஷன் உண்டு, சதுரங்கத்துக்கு டியூஷன் உண்டு, நேர்முகப் பரீட்சையில் சிரிப்பதற்கு டியூஷன் உண்டு. சித்திர சிகிச்சைக்கு மட்டும் டியூஷன் இல்லாமல் போவது தலைக்கவசம் இல்லாமல் மோட்டார் சைக்கிளில் போவது போல எனக்குப் பட்டது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சித்திர மாஸ்டர் இருந்தார். தகரக் கூரை போட்ட ஹோல். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பிள்ளைகளிலிருந்து பதினோராம் வகுப்புச் சாதாரணதரம் வரைக்கும் எல்லோருக்கும் வகுப்பு. நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சிகிச்சையா?" என்றார் சேர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லோக்கல் சிலபஸா, லண்டனா?"

"தெரியல்ல சேர். வெள்ளவத்த சிலபஸ்."

"பாஸ்ட் பேப்பர் இருக்கா?"

"இல்ல சேர். தலைப்பு மட்டும் இருக்கு. அடுத்த கிழமை கோபம்."

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சந்தையும் தேர்த்திருவிழாவும் பட்டம் விடுதலும் வரையக் கற்றுக்கொடுத்தவருக்குக் கோபம் ஒரு பெரிய தலைப்பு இல்லை.

"கோபம்னா எரிமலை" என்று கண்ணைத் திறந்தார். "நடுவுல மலை, உச்சியில சிவப்பு, அடிவாரத்துல ஒரு சின்ன வீடு. அந்த வீடுதான் நீங்க. புகை வலது பக்கம் சாயணும். வானத்துல மூணு பறவை."

"கோபத்துக்கு எதுக்கு சேர் பறவை?"

"வெற்றிடம் விட்டா புள்ளி குறையும். ரெண்டு போட்டா கண் மாதிரித் தெரியும். நாலு போட்டா காக்கா கூட்டம். மூணுதான்."

இப்படியே மற்றத் தலைப்புகளையும் ஒரே மூச்சில் சொன்னார். கவலைக்கு இலை உதிர்ந்த மரம். சந்தோஷத்துக்குப் பட்டம். குழப்பத்துக்கு நாற்சந்தி, நடுவில் ஒரு மனிதன், தலைக்கு மேல் கேள்விக்குறி. எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு பரவியது. மனதில் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி விடை இருக்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் தெம்பு வராது? முழங்கால் தாடையில் முட்ட, சிறுவர் வாங்கில் உட்கார்ந்து, அந்தக் கிழமை முழுக்க வேலை முடிந்து வந்து எரிமலை பழகினேன். பக்கத்தில் இருந்த பிள்ளை என் எரிமலையைப் பார்த்து, "அண்ணா, ஐஸ்கிறீம் சூப்பர்" என்றது. சேர் சொன்னார், "இன்னும் பழகணும்."

சனிக்கிழமை, கோபம் என்று மிஸ் சொல்லி வாய் மூடவில்லை, என் எரிமலை வெடித்துக்கொண்டிருந்தது. புகை வலது பக்கம். பறவை மூன்று. மிஸ் அதை நெடுநேரம் பார்த்தார். "வடிவா இருக்கு" என்றார். அந்தக் குரலில் ஏதோ ஒரு யோசனை இருந்தது, எனக்கு அது பாராட்டு மாதிரித்தான் கேட்டது.

அங்கிளின் தாளில் ஒரே ஒரு கோடு இருந்தது. அடிமட்டம் வைத்துக் கீறிய நேர்க்கோடு. அவர் என் தாளை எட்டிப் பார்த்தார். பார்த்த பார்வையில் வியப்பும் இருந்தது, வயிற்றெரிச்சலும் இருந்தது.

ஒழுங்கையில் இறங்கும்போது என் தோளைப் பிடித்தார். "தம்பி, உண்மையைச் சொல்லும். எங்க படிக்கிறீர்?"

*

அடுத்த வகுப்புக்கு அங்கிள் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி, கையில் ஜியோமெற்றிப் பெட்டியோடு. நன்றாக அயர்ன் பண்ணிய ஷேட்டோடு சிறுவர் வாங்கில் உட்கார்ந்து, "தொடங்குங்கோ சேர்" என்றார்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பிரச்சினை வந்துவிட்டது. எரிமலையின் சரிவு பிழை என்றார் அங்கிள்.

"இந்தக் கோணத்தில மண் நிக்காது. சரிஞ்சு விழும்."

"இது சித்திரம் ஐயா."

"சித்திரம் எண்டாலும் மண் மண்தானே? அடிவாரத்தில வீடு வேற கட்டி வச்சிருக்கிறீர். ஆர் இதுக்குப் பெர்மிட் குடுத்தது?"

"வீடு ஒரு குறியீடு ஐயா! அது மனசு!"

"மனசா இருந்தாலும் அத்திவாரம் வேணும்!"

சேர் மேசையில் தட்டினார். அங்கிள் ஜியோமெற்றிப் பெட்டியால் வாங்கில் தட்டினார். பிள்ளைகள் எல்லோரும் வண்ணம் தீட்டுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணித்தியாலம் இருவரும் கத்தினார்கள். கடைசியில் தொண்டை கட்டிப்போய், சேர் ஃப்ளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிக் கொடுக்க, அங்கிள் வாங்கிக் குடித்தார். "நாளைக்கும் வகுப்பு இருக்கே?" என்று கேட்டார்.

மலையின் சரிவு கொஞ்சம் குறைக்கப்பட்டது. பறவைகளின் தொகையில் மட்டும் சேர் அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் மாட்டிக்கொண்டோம். கோபத்தை இன்னும் ஒருமுறை பார்ப்போம், போன கிழமை அங்கிளுக்கு வரவில்லைதானே, என்றார் மிஸ். நாங்கள் வரைந்தோம். முடித்ததும் அவர் இரண்டு தாள்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். பிறகு முழங்காலில் இருந்து பார்த்தார்.

இரண்டு எரிமலைகள். இரண்டு சின்ன வீடுகள். புகை இரண்டிலும் வலது பக்கம். இங்கே மூன்று பறவை, அங்கேயும் மூன்று பறவை. அங்கிளின் வீட்டுக்கு மட்டும் கொங்கிறீட் தூண் இருந்தது.

"உங்கட ரெண்டு பேரின்ட கோவமும் ஒரே கோவமா?" என்று கேட்டார் மிஸ்.

நெஞ்சுக்குள் கதவு உதைபட்டது. ஹிக்.

"இந்தப் பறவையள் என்ன சொல்லுது?"

ஹிக்.

அங்கிள்தான் உண்மையை உடைத்தார். "பிள்ளை, அது மாதிரி விடை. கொட்டாஞ்சேனையில ஒரு சேரிட்ட டியூஷன் எடுக்கிறம். பறவை மூண்டு போடாட்டிப் புள்ளி குறையுமாம்."

மிஸ் எழுந்து யன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்து நின்றார். முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். ரயில் ஒன்று போய் மறைந்த பிறகு திரும்பினார், கண் எல்லாம் தண்ணீர், முகம் சிவந்திருந்தது. சிரித்தே களைத்துப் போயிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. சிகிச்சைக்கு டியூஷன் எடுத்தவையை நான் இப்பத்தான் காணுறன்." மூக்கைத் துடைத்தார். பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். "இப்பக் கொஞ்சம் முந்தி விக்கல் வந்தது. அதுக்குச் சற்று முன்னம் உங்களுக்குள்ள என்ன இருந்தது?"

"தெரி... ஹிக்."

"சொல்ல வேண்டாம். கீறுங்கோ. இடது கையால."

"இடது கை எனக்குப் பழக்கம் இல்ல மிஸ்."

"அதுதான். உங்கட சேர் அந்தக் கையைப் பழக்கேல்லை."

இடது கையில் பென்சிலைப் பிடித்தேன். அந்தக் கைக்கு மாதிரி விடை ஒன்றும் தெரியாது. என்ன வரைகிறேன் என்று எனக்கே தெரியாமல் அது தாளில் ஊர்ந்தது. ஒரு மேசை வந்தது, மேசை மாதிரி இல்லாவிட்டாலும். மேசைக்கு முன்னால் ஒரு மூட்டை வந்தது, அது நான். மூட்டைக்குப் பின்னால் உயரமாக ஒன்று வந்து நின்றது. வாய் அகலமாகிவிட்டது, கண் இரண்டும் தலைக்கு மேலே போய்விட்டன. இடுப்பில் சாரம் ஒன்று கட்டிவிட்டேன்.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "தம்பி, தவளை நல்லா வந்திருக்கு."

"அது எங்க அப்பா அங்கிள்."

அங்கிள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். "சாரம் கட்டியிருக்கேக்கயே யோசிச்சனான்" என்றார்.

மிஸ் சிரிக்கவில்லை. "அப்பா என்ன செய்யிறார் இதில?"

வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. நான் படித்த காலமெல்லாம் அப்பா வேலையால் வந்து, குளித்துவிட்டு, என் கதிரைக்குப் பின்னால் வந்து நிற்பார். ஒன்றும் பேச மாட்டார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்பார். பேனா நின்றால், இவனுக்குத் தெரியவில்லை என்று அவருக்கு விளங்கிவிடுமே என்று எனக்குப் பயம். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் எழுதிக்கொண்டே இருப்பேன்.

"விடை தெரியாட்டியும்?"

"தெரியாட்டியும்."

"அப்ப என்ன எழுதுவீங்கள்?"

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. "பஸ்ஸுக்கு முன்னால போட்ல எழுதியிருக்கிற ஊர்ப்பேர் மிஸ். மாளிகாவத்தை, ஒருகொடவத்தை, இரத்மலானை... திருப்பித் திருப்பி. கணக்குக் கொப்பியில பக்கம் பக்கமா இரத்மலானை இருக்கும்."

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோளும் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே விஷயம் விளங்கியது. கந்தோரில் ஒவ்வொரு கேள்விக்கும் நான் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாயால் இரத்மலானை எழுதிக்கொண்டிருந்தேன்.

"அப்பா ஏன் அங்க வந்து நிண்டவர் எண்டு எப்பவாவது கேட்டிருக்கிறீங்களா?" என்றார் மிஸ்.

கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? குடும்பத்தில் முதல் முதல் படிக்கிற பிள்ளை. அவருடைய கனவு எல்லாம் அந்தப் பேனா முனையில் நிற்கிறது. வேறென்ன?

"ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார்.

*

படத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். "மல்லி, இஸ்ஸரஹட்ட யன்ட" என்று கொண்டக்டர் முன்னால் போகச் சொல்லி முதுகில் தள்ள, அப்பா கசங்காமல் இருக்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"என்னடா இது? தவளயா?"

"நீங்கதான்ப்பா."

அவர் சோற்றுக் கையைத் தட்டின் மேல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். "நானா?" அம்மா குசினியிலிருந்து வந்து எட்டிப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பிறகு சிரிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னாங்க, வாய் மட்டும் உங்கள மாதிரியே இருக்கு."

"நான் படிக்கிறப்ப நீங்க பின்னால வந்து நிப்பீங்களே" என்றேன். "ஏம்ப்பா நின்னீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். இது ஒரு கேள்வியா என்பது போலப் பார்த்தார்.

"ஃபேன் அங்கதானடா இருந்துச்சு."

"என்ன?"

"அலுமாரி மேல. வீட்டுல இருந்தது அந்த ஒரு ஃபேன். நாள் பூரா கொண்டெய்னருக்குள்ள வெந்துட்டு வர்ற மனுசன் வேற எங்க நிப்பான்?"

அம்மாவுக்குச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. அவர் கோபமாக எழுந்தார்.

"அப்ப நீங்கதான் காத்த மறைச்சுக்கிட்டு நின்னீங்களா? புள்ளைக்கு அப்பிடி வேர்க்குதேன்னு நான் எத்தன நாள் திருநீறு பூசி விட்டேன்! கண்ணூறுன்னு நெனச்சு மொளகா சுத்திப் போட்டேன்!"

"முதுகுக்குக் கொஞ்சம் காத்து வேணாமா?"

"முதுகு! அவ்ளோ பெரிய முதுக வச்சிக்கிட்டு!"

இருவரும் ஃபேனைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் கதிரையில் உட்கார்ந்தேன். பரீட்சைக் காலம் முழுக்க எனக்கு வேர்த்தது பயத்தால் என்றுதான் நம்பியிருந்தேன். அதைப் பற்றி மிஸ்ஸிடம் உருக்கமாகச் சொல்ல வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன்.

சண்டை ஓய்ந்து கை கழுவிவிட்டு வந்த அப்பா, படத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். "நீ வேகமா எழுதுவ" என்றார். "நிப்பாட்டாம எழுதுவ. பாக்க நல்லா இருக்கும். காத்தும் வரும்."

திங்கட்கிழமை அந்தப் படத்தை யார்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். ஏசி அறையில் வேலை செய்கிற மகன் வரைந்தது என்று எல்லோருக்கும் காட்டினாராம்.

சேரிடம் நான் டியூஷனை நிறுத்திவிட்டேன். அங்கிள் நிறுத்தவில்லை. வீட்டில் அவர் சத்தம் போட்டால் எல்லோரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார்களாம். டீவியும் திருப்பிப் பேசாது. கொட்டாஞ்சேனையில் மட்டும்தான் பதிலுக்குக் கத்துவதற்கு ஒரு மனிதர் கிடைத்திருக்கிறார். "இப்ப நாங்கள் பாலம் கீறுறம் தம்பி" என்றார். "அந்தாளுக்குப் பாலத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது." இவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

*

மேலாளர் சொன்னபடியே கடைசி வாரத்தில் வந்தார். என் பக்கத்தில் கதிரையைப் போட்டு, இன்னொரு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரன் எனக்காகக் கும்பிட்டான். மணி அடித்தது.

மாளிகாவத்தையிலிருந்து ஒரு பெண்மணி. பெயர் சொன்னார், இலக்கம் சொன்னார், என் குரல் வானொலிக்காரருடையது போலவே இருந்தது. பிறகு கேட்டார்:

"மகன், எங்கட ஊட்டு மரத்துல இருந்து தேங்கா விழுந்து எங்கட காருட கண்ணாடி ஒடஞ்சி போச்சி. மரமும் எங்கட, தேங்காவும் எங்கட, காரும் எங்கட. இன்சூரன்ஸ் சல்லி கெடைக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. கொஞ்சமும் தெரியவில்லை. மூச்சு வழக்கம்போல நெஞ்சின் நடுவில் போய் நின்றது. கதவுக்குப் பின்னால் விக்கல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. மேலாளரின் பேனா தாளுக்கு மேலே காத்திருந்தது. வாயில் ஏதாவது ஒரு ஊர்ப்பேர் வந்துவிடுமோ என்று இருந்தது.

"தெரியாது!" என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சிங்களப் பிரிவில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளரின் வாய் திறந்தது.

மூச்சு மெதுவாக வெளியே போனது. அதன் பின்னால் எதுவும் வரவில்லை.

"தெரியாதா?" என்றார் அந்தப் பெண்மணி.

"தெரியாதும்மா. தேங்காய் கேஸ் எனக்கு இதுதான் முதல் தடவை. லைன்ல இருங்க, கேட்டுச் சொல்றேன்."

"யா அல்லா" என்றார் அவர். "நேத்து ஒரு தம்பி அரை மணித்தியாலம் பேசினார். எல்லாம் தெரிஞ்ச மாதிரியேதான் பேசினார். வச்சதுக்கப்புறம் யோசிச்சா ஒண்டுமே வெளங்கல்ல. நீங்க கேட்டுட்டு வாங்க மகன், நான் இருக்கிறன்."

நான் மேலாளரைப் பார்த்தேன். "சேர், மரம் அவங்களுடையது, தேங்காய் அவங்களுடையது, கார் அவங்களுடையது. கிடைக்குமா?"

அவர் ஹெட்போனைக் கழற்றினார். பாலிசியைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார். பிறகு இழப்பீட்டுப் பிரிவுக்கு அழைத்தார். அவர்கள், தேங்காய் தானாக விழுந்ததா, பறிக்கும்போது விழுந்ததா என்று கேட்டார்கள். நான் அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். தானாகத்தான், ஆனால் அன்றைக்குக் காற்று பலம் என்றார். காற்று என்றால் அது வேறு பிரிவு என்றார்கள். அந்தப் பிரிவு மேல்மாடியைக் கேட்கச் சொன்னது. மேல்மாடியில் இருந்த ஒருவர், தேங்காய் முற்றியதா இளநீரா என்று கேட்டார்.

நான் லைனுக்குத் திரும்பித் திரும்பி வந்து, "இன்னும் யாருக்கும் தெரியல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் இன்னும் சுலபமாக வந்தது. "அவசரம் இல்ல மகன்" என்றார் அவர். அந்த மரத்தைத் தன் கணவர் வெட்டச் சொல்லியும் தான் விடவில்லை என்ற கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார்.

மேலாளர் நெற்றியைத் துடைத்தபடி தன் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கன்போம்" என்றார். "ஆனா தம்பி, தெரியாதுங்கிறத இனிமே கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."